சுகர், பிரஷர், அப்புறம் தெம்பு: உடம்பின் உற்சாகத்தை எப்படி அளக்கிறார்கள்?

டர்பனை ஒட்டிய நம் சாட்ஸ்வொர்த்தில் ஐம்பது வயதைத் தாண்டிய யாரிடமாவது "சுகர் எவ்வளவு?" என்று கேட்டுப் பாருங்கள். "காலையில் வெறும் வயிற்றில் 7.8" என்று யோசிக்காமல் சொல்வார்கள். பிரஷர் எண்ணும் மனப்பாடம்தான். தென்னாப்பிரிக்க இந்தியர்களிடம் நீரிழிவு அதிகம் என்பது மருத்துவர்களுக்கும் தெரியும், நமக்கும் தெரியும். அதனால் இந்த எண்களோடு வாழப் பழகிவிட்டோம்.

அதே ஆளிடம் "போன ஒரு மாதமாகத் தெம்பு எப்படி இருக்கிறது?" என்று கேளுங்கள். "ம்ம், பரவாயில்லை" என்பார்கள். இல்லையென்றால் "வயசாச்சு இல்லையா" என்பார்கள். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

அங்கே முடியக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். ஒருவர் தன்னிடம் எவ்வளவு தெம்பு இருப்பதாக உணர்கிறார் என்பதை எளிய கேள்விகளை வைத்தே அளக்க முடியும். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அப்படி அளந்து வருகிறார்கள். அந்த எண்ணுக்கும் இதய நோய்க்கும், வலியோடு வாழ்வதற்கும், வயதான காலத்தில் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்வதற்கும் தொடர்பு இருப்பது பல ஆய்வுகளில் வந்திருக்கிறது. ரத்தம் எடுக்க வேண்டியதில்லை, செலவும் இல்லை. ஆனால் அந்தக் கேள்வியை நம் வீடுகளில் யாரும் கேட்பதில்லை.

ஆராய்ச்சியாளர்கள் இதை வைட்டாலிட்டி என்கிறார்கள். நான் தெம்பு என்றே எழுதுகிறேன். இந்த நாட்டில் வைட்டாலிட்டி என்றதும் பலருக்கு டிஸ்கவரி காப்பீட்டு நிறுவனம் 1997-இல் தொடங்கிய திட்டம்தான் நினைவுக்கு வரும்: ஜிம்முக்குப் போனால் புள்ளி, பரிசோதனை செய்துகொண்டால் புள்ளி. அது நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று கணக்கெடுக்கும் திட்டம். இங்கே பேசப்போவது நீங்கள் எப்படி உணர்கிறீர்கள் என்ற கணக்கைப் பற்றி.

எது தெம்பு, எது தெம்பில்லை

1997-இல் அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் ரையனும் அவருடன் கிறிஸ்டினா ஃபிரெடெரிக்கும் இதைப் பற்றி ஒரு முக்கியமான ஆய்வை வெளியிட்டார்கள். அவர்கள் கொடுத்த விளக்கம் சுருக்கமாக இதுதான்: தெம்பு என்பது உள்ளுக்குள் உயிரோட்டம் இருப்பதாக ஒருவர் உணர்வது, அந்தச் சக்தி தன்னுடையது, தான் விரும்பிய காரியத்துக்கு அதைச் செலவிடலாம் என்று உணர்வது.

இரண்டாவது பாதியை விட்டுவிடாதீர்கள். கோபம் வந்தாலும் உடம்பில் வேகம் வருகிறது. கெட்ட செய்தியோடு போன் வந்தால் நெஞ்சு படபடக்கிறது, கை கால் பரபரக்கிறது. அதுவும் ஒரு சக்திதான், ஆனால் நம் கையில் இல்லாத சக்தி. ராபர்ட் தேயர் என்ற உளவியலாளர் இந்த இரண்டையும் பிரித்தே அளந்தார். ஒன்று அமைதியோடு சேர்ந்த சுறுசுறுப்பு, மற்றது பதற்றத்தோடு சேர்ந்த பரபரப்பு. நாள் முழுக்க ஓடிக்கொண்டே இருக்கும் ஒருவருக்குத் தெம்பு அதிகம் என்று நாம் நினைத்துவிடுகிறோம். அவரிடம் இருப்பது இரண்டாவது வகையாக இருக்கலாம்.

மகிழ்ச்சியும் தெம்பும்கூட ஒன்றில்லை. 1999-இல் வந்த ஒரு சோதனை எனக்கு மிகவும் பிடிக்கும். ஒரு வேலையைத் தன் போக்கில் செய்து வெற்றி பெற்றவர்கள் ஒரு பக்கம், பிறர் ஆட்டுவித்தபடி செய்து வெற்றி பெற்றவர்கள் இன்னொரு பக்கம். வெற்றி கிடைத்ததில் இரு பக்கமும் சந்தோஷம் இருந்தது. ஆனால் தெம்பு குறையாமல் நின்றது தன் போக்கில் செய்தவர்களிடம்தான். மகன் பட்டம் வாங்கிய நாளில் நிறைந்த மனதோடு, ஆனால் எழுந்து நடக்கக்கூடச் சக்தியில்லாமல் உட்கார்ந்திருக்கும் ஒரு தாயை நமக்கெல்லாம் தெரியும். அவரிடம் மகிழ்ச்சியைப் பற்றி மட்டும் கேட்டால் பாதி விஷயம் தெரியாமலே போய்விடும்.

கேள்விகளும் மதிப்பெண்ணும்

ரையனும் ஃபிரெடெரிக்கும் உருவாக்கிய அளவுகோலில் ஏழு வாக்கியங்கள் இருக்கின்றன. உயிர்ப்போடு இருப்பதாக உணர்கிறேன், ஒவ்வொரு புது நாளையும் ஆவலோடு எதிர்பார்க்கிறேன், பெரும்பாலும் விழிப்போடும் சுறுசுறுப்போடும் இருக்கிறேன் என்கிற மாதிரி. ஒவ்வொன்றும் நமக்கு எவ்வளவு பொருந்தும் என்று 1 முதல் 7 வரை ஓர் எண் கொடுக்க வேண்டும். ஏழில் ஒன்று மட்டும் எதிர்மறை, "எனக்கு அவ்வளவு சக்தி இல்லை" என்ற பொருளில் வரும். 2000-இல் வேறு ஆய்வாளர்கள் இந்த அளவுகோலைச் சோதித்துப் பார்த்துவிட்டு, அந்த ஒன்றை எடுத்துவிட்டு ஆறாக வைத்தால் இன்னும் சீராக வேலை செய்கிறது என்றார்கள். களைப்பு இல்லை என்பதும் தெம்பு இருக்கிறது என்பதும் ஒரே கோட்டின் இரு முனைகள் அல்ல என்பதுதான் இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது. களைப்பே இல்லாமல், எதிலும் நாட்டமும் இல்லாமல் ஒருவர் நாளை ஓட்ட முடியும்.

மருத்துவ உலகில் இதைவிட அதிகம் புழங்குவது எஸ்எஃப்-36 என்ற கேள்வித்தாள். ஜான் வேரும் கேத்தி ஷெர்போர்னும் 1992-இல் இதை அறிமுகப்படுத்தினார்கள். மொத்தம் 36 கேள்விகள், அதில் நான்கு தெம்புக்கானவை. கடந்த நான்கு வாரங்களில் எவ்வளவு நேரம் உற்சாகம் நிறைந்திருந்தீர்கள், எவ்வளவு நேரம் நிறையச் சக்தி இருந்தது, எவ்வளவு நேரம் துவண்டுபோய் இருந்தீர்கள், எவ்வளவு நேரம் களைப்பாக இருந்தீர்கள் என்று கேட்பார்கள். பதில் ஆறு படிகளில்: எல்லா நேரமும், பெரும்பாலான நேரம், கணிசமான நேரம், சில நேரம், கொஞ்ச நேரம், ஒருபோதும் இல்லை.

கணக்கு மிக எளிது. முதல் இரண்டு கேள்விகளுக்கு "எல்லா நேரமும்" என்றால் 100, அப்புறம் 80, 60, 40, 20, கடைசியில் 0. பின் இரண்டு கேள்விகளுக்கு இதைத் தலைகீழாக்க வேண்டும். ஒருபோதும் களைப்பில்லை என்றால் 100. நான்கையும் கூட்டி நான்கால் வகுத்தால் மதிப்பெண்.

கற்பனையாக ஓர் அக்காவை எடுத்துக்கொள்வோம். உற்சாகம் சில நேரம் (40), சக்தி கொஞ்ச நேரம் (20), துவண்டுபோனது பெரும்பாலான நேரம் (20), களைப்பு சில நேரம் (60). கூட்டினால் 140, நான்கால் வகுத்தால் 35. இது நல்லதா கெட்டதா என்று உடனே கேட்கத் தோன்றும். அமெரிக்கப் பொதுமக்களிடம் எடுத்தபோது சராசரி 60-ஐ ஒட்டி வந்தது. ஆகவே 100 வாங்க வேண்டும் என்று யாரும் நினைக்க வேண்டாம். பெரும்பாலான மனிதர்கள் நடுவில் எங்கோதான் இருக்கிறார்கள். இன்னொரு நாட்டின் சராசரியோடு இந்த அக்காவை ஒப்பிடுவதில் எனக்கு அவ்வளவு ஆர்வமும் இல்லை. மூன்று மாதத்துக்கு முன் அவருக்கு 55 வந்திருந்து இன்று 35 என்றால், அதுதான் முக்கியமான செய்தி.

எப்போது அளப்பது, யார் கேட்பது

இந்த நொடியில் எப்படி இருக்கிறது என்று கேட்பதும், கடந்த நான்கு வாரம் எப்படி இருந்தது என்று கேட்பதும் வெவ்வேறு அளவுகள். சுகர் பார்ப்பவர்களுக்கு இது எளிதில் புரியும். விரலைக் குத்திப் பார்க்கும் எண் அந்த நேரத்தைச் சொல்கிறது. எச்பிஏ1சி என்ற ரத்தப் பரிசோதனை இரண்டு மூன்று மாதங்களின் போக்கைச் சொல்கிறது. ரையனின் அளவுகோலிலும் இதேபோல் இரண்டு வடிவங்கள் உண்டு, ஒன்று "இப்போது", மற்றது "பொதுவாக".

தைப்பூசத்தன்று காவடி எடுத்து கிளேர்வுட் கோயிலைச் சுற்றி வருபவரிடம் போய்க் கேட்டால் ஏழுக்கு ஏழு சொல்வார். விரதம் இருந்து, வெறும் காலோடு வெயிலில் நடந்து வந்த பிறகும் அவர் முகத்தில் இருக்கும் ஒளியை நான் பார்த்திருக்கிறேன், அது நிஜமானது. ஆனால் அவருடைய பிப்ரவரி மாதத்துத் தெம்பு எப்படி என்று அந்த நாளை வைத்துச் சொல்ல முடியாது. அதே போல, காய்ச்சலில் படுத்திருக்கும் வாரத்தில் எடுத்த எண்ணையும் ஒருவரின் இயல்பு என்று வைத்துக்கொள்ளக் கூடாது.

வாரநாளா வாரக்கடைசியா என்பதும் கணக்கில் சேரும். ரையனும் சக ஆய்வாளர்களும் 2010-இல் வெளியிட்ட ஆய்வில் வேலைக்குப் போகும் 74 பேரை மூன்று வாரம் பின்தொடர்ந்தார்கள். சனி ஞாயிறுகளில் அவர்களுக்கு மனநிலையும் தெம்பும் மேலே போனது. காரணத்தைத் தேடியபோது இரண்டு விஷயங்கள் கிடைத்தன: அந்த நாட்களில் தன் விருப்பப்படி நேரத்தைச் செலவிட முடிந்தது, நெருங்கியவர்களோடு இருக்க முடிந்தது. ஆகவே வீட்டில் "இப்போது" வடிவத்தைப் பயன்படுத்துபவர்கள் ஒரே கிழமை, ஏறக்குறைய ஒரே நேரம் என்று வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு தடவை ஞாயிறு மதியம் பிரியாணி சாப்பிட்ட கையோடு, அடுத்த தடவை புதன் மாலை வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போது என்று எடுத்தால் அந்த இரண்டு எண்களையும் ஒப்பிட்டுப் பயனில்லை.

அடுத்தது, கேட்பவர் யார் என்பது. மகளும் மருமகளும் பக்கத்தில் நிற்க ஓர் ஆயாவிடம் களைப்பாக இருக்கிறதா என்று கேட்டால், "எனக்கென்ன கண்ணு, நல்லாத்தான் இருக்கேன்" என்பார். பிள்ளைகளுக்குப் பாரமாகிவிடக் கூடாது என்ற எண்ணம் அந்தத் தலைமுறைக்கு எலும்பு வரை ஊறியது. தனியாக, ஒரு டீ குடித்துக்கொண்டு, அவசரமில்லாமல் கேட்க வேண்டும். படிக்கத் தெரிந்தவர் என்றால் காகிதத்தைக் கையில் கொடுத்துவிட்டு விலகிவிடுவது இன்னும் நல்லது.

கையின் பிடியும் உடம்பின் எடையும்

இதுவரை சொன்னது உணர்வை அளப்பது. உடம்பின் பக்கமிருந்தும் ஒரு வழி இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2015-இல் முதுமையும் நலமும் பற்றிய பெரிய அறிக்கை ஒன்றை வெளியிட்டது. வயதானவரின் உடல்நலத்தை நோய்களின் பட்டியலாகப் பார்க்காமல், அவரால் என்னென்ன முடிகிறது என்று பார்க்கச் சொன்னது அந்த அறிக்கை. அந்தப் பார்வை வளர்ந்து, இப்போது ஐந்து திறன்களாகப் பிரிக்கிறார்கள்: நினைவும் சிந்தனையும், நடமாட்டம், கண்ணும் காதும், மனநலம், ஐந்தாவதாகத் தெம்பு. இங்கே தெம்பு என்றால் உடம்பு சக்தியைச் சேர்த்து வைத்துச் செலவிடும் விதம், நரம்பும் தசையும் சேர்ந்து வேலை செய்யும் விதம், நோயையும் நெருக்கடியையும் எதிர்கொள்ளும் விதம் என்று 2022-இல் அந்த நிறுவனத்தின் நிபுணர் குழு வரையறுத்தது.

இதை அளக்கப் பயன்படுத்தும் கருவிகளில் எளியது கைப்பிடி வலிமை அளக்கும் கருவி. கையில் பிடித்து முழு பலத்தோடு அழுத்தினால் எத்தனை கிலோ என்று காட்டும். ப்யூர் என்ற பன்னாட்டு ஆய்வில் 17 நாடுகளைச் சேர்ந்த சுமார் 1,40,000 பேரை இப்படி அளந்தார்கள். எல்லோரும் 35 முதல் 70 வயது வரை உள்ளவர்கள். தென்னாப்பிரிக்காவும் இந்தியாவும் அதில் இருந்தன. 2015-இல் வெளியான முடிவு: பிடி 5 கிலோ குறையக் குறைய, ஆய்வு நடந்த ஆண்டுகளில் இறக்கும் அபாயம் 16 சதவீதம் கூடியது. மேல் எண் பிரஷரைவிடக் கைப்பிடி வலிமையே இறப்பைத் துல்லியமாக முன்கூட்டிக் காட்டியது. பிரஷர் கருவியை வீட்டில் வைத்துக்கொண்டு தினமும் பார்க்கும் நம் மக்களுக்கு இது வியப்பாகத்தான் இருக்கும். பிரஷர் முக்கியமில்லை என்று இதற்குப் பொருள் கிடையாது. ரப்பர் பந்தை வாங்கி அழுத்திக்கொண்டே இருந்தால் ஆயுள் கூடும் என்றும் பொருள் கிடையாது. பிடி என்பது உடம்பு முழுவதிலும் உள்ள தசையின், ஊட்டத்தின், பொது வலுவின் ஓர் அடையாளம், அவ்வளவுதான்.

கருவி இல்லாத இடங்களுக்கு உலக சுகாதார நிறுவனம் இன்னும் எளிதாக வழி சொல்கிறது. முயற்சி எதுவும் செய்யாமலே கடந்த மூன்று மாதத்தில் மூன்று கிலோவுக்கு மேல் எடை குறைந்திருக்கிறதா? பசி மந்தமாகிவிட்டதா? ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் மேற்கொண்டு பார்க்க வேண்டும் என்கிறார்கள். நடமாட்டத்துக்கென்று ஒரு தனிச் சோதனை உண்டு: கைகளைப் பயன்படுத்தாமல் நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்கார 14 நொடிக்கு மேல் ஆகிறதா என்று பார்ப்பது. விழும் பயம் இருப்பவர்கள் பக்கத்தில் ஆள் இல்லாமல் இதைச் செய்ய வேண்டாம்.

எடை விஷயத்தில் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். நம் கல்யாண மண்டபங்களில் அறுபது, எழுபது வயதுக்காரர் இளைத்து வந்தால் "பரவாயில்லையே, நல்லா மெலிஞ்சிட்டீங்களே" என்று பாராட்டுகிறோம். சுகருக்காக எடையைக் குறைக்கச் சொல்லிக் கேட்டே பழகிவிட்டதால் வரும் பாராட்டு அது. நடந்து, சாப்பாட்டைக் கவனித்து இளைத்தவரைப் பாராட்டுங்கள். தானாக இளைத்தவரை உட்கார வைத்துப் பேசுங்கள்.

நோய்க்கும் தெம்புக்கும் என்ன தொடர்பு

லாரா குப்ஸான்ஸ்கியும் ரெபெக்கா தர்ஸ்டனும் 2007-இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் அடிக்கடி பேசப்படுவது. இதய நோய் இல்லாத 6,025 அமெரிக்கர்களைச் சராசரியாக 15 ஆண்டுகள் பின்தொடர்ந்த தகவல் அது. சக்தி இருப்பதாக உணர்வது, வாழ்க்கையை நல்லவிதமாக உணர்வது, உணர்ச்சிகளைச் சமாளிக்க முடிவது ஆகிய மூன்றையும் சேர்த்து மனத்தெம்பு என்று கணக்கிட்டார்கள். அது அதிகம் இருந்தவர்களுக்கு, குறைவாக இருந்தவர்களைவிட இதய நோய் வரும் அபாயம் 19 சதவீதம் குறைவாக இருந்தது. புகைப்பது, உடற்பயிற்சி போன்ற பழக்கங்கள் இந்தத் தொடர்பில் ஒரு பகுதியை விளக்கின. முழுவதையும் விளக்கவில்லை.

எனக்கு இதைவிட நெருக்கமான ஆய்வு பிரெண்டா பென்னிங்ஸும் குழுவினரும் பால்டிமோரில் செய்தது. 65 வயதைத் தாண்டிய, ஏற்கெனவே ஏதாவது ஒரு விதத்தில் உடல் இயலாமை உள்ள 1,002 பெண்கள். இவர்களில் 351 பேர் மனத்தெம்பு உள்ளவர்கள் என்று தெரியவந்தது. மூன்றில் ஒருவருக்கு மேல். நடக்கச் சிரமப்படுகிறவர், பாத்திரத்தைத் தூக்கச் சிரமப்படுகிறவர், ஆனாலும் உள்ளே தெம்பு இருக்கிறது. அடுத்து வந்த ஆண்டுகளில் இவர்களுக்குப் புதிய இயலாமைகள் சேர்வது குறைவாக இருந்தது, இறப்பும் குறைவாக இருந்தது. நோய் வந்துவிட்டது, இனி தெம்பைப் பற்றிப் பேசி என்ன ஆகப் போகிறது என்பவர்களுக்கு நான் இந்த ஆய்வைத்தான் சொல்வேன்.

வலியிலும் இப்படித்தான். 1997 ஆய்வில் நாள்பட்ட வலியுள்ளவர்களையும் பார்த்தார்கள். மற்றவர்களைவிட இவர்களுக்குத் தெம்பு குறைவு, எதிர்பார்த்ததுதான். ஆனால் அந்தக் குறைவு யாரிடம் அதிகம் என்றால், வலி தன்னை முடக்கிவிட்டது என்று நினைப்பவர்களிடமும் வலியைக் கண்டு பயப்படுகிறவர்களிடமும்.

இதிலெல்லாம் ஒரு எச்சரிக்கை உண்டு. தொடர்பு இருக்கிறது என்பதால் ஒன்று மற்றதைக் கொண்டுவருகிறது என்று ஆகிவிடாது. இன்னும் வெளியே தெரியாத ஒரு நோய் முதலில் தெம்பைத் தின்றுவிட்டு, அப்புறம் வெளியே வந்திருக்கலாம். தெம்பு குறைந்தவர் நடப்பதைக் குறைத்து, அதனால் நோய் கூடியிருக்கலாம். இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டே போவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. ஆகவே யாரிடமும் "உற்சாகமாக இரு, நோய் வராது" என்று சொல்லாதீர்கள். நோயுற்றவர் மேல் பழியைப் போடும் பேச்சு அது.

குறைந்தால் முதலில் பார்க்க வேண்டியவை

மதிப்பெண் இறங்கியிருக்கிறது, சில வாரங்களாகியும் ஏறவில்லை என்றால் முதலில் போக வேண்டிய இடம் கிளினிக். காரணங்களில் பல சாதாரணமானவை, கண்டுபிடித்தால் சரிசெய்யக் கூடியவை. ரத்தசோகை. தைராய்டு சுரப்பு குறைவது. சுகர் கட்டுப்பாட்டில் இல்லாமல் இருப்பது. குறட்டையோடு சேர்ந்து தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது. மனச்சோர்வு, அதாவது டிப்ரெஷன். நம் வீடுகளில் இதைச் சோம்பேறித்தனம் என்று திட்டிவிட்டுப் போய்விடுகிறோம்.

நம் சமூகத்துக்கென்று தனியாகச் சொல்ல வேண்டிய ஒன்று பி12 வைட்டமின். சுகருக்காக மெட்ஃபார்மின் மாத்திரையை ஆண்டுக்கணக்கில் எடுப்பவர்களுக்கு பி12 குறைய வாய்ப்பு உண்டு. பி12 இறைச்சி, மீன், முட்டை, பால் போன்றவற்றிலிருந்துதான் கிடைக்கிறது. புரட்டாசி ஒரு மாதம் மட்டும் சைவமாக இருப்பதால் ஒன்றும் ஆகிவிடாது, உடம்பில் சேமிப்பு இருக்கும். ஆண்டு முழுவதும் சைவம், பாலும் குறைவு, கூடவே மெட்ஃபார்மின் என்றால் பி12 பரிசோதனை பற்றிக் கேளுங்கள். பிரஷருக்கும் இதயத்துக்கும் கொடுக்கும் அடெனோலால் போன்ற சில மாத்திரைகளும் சிலருக்குக் களைப்பைத் தரும். அதற்காக நீங்களாக நிறுத்திவிடக் கூடாது, அது ஆபத்து. டாக்டரிடம் சொன்னால் மாற்றித் தர வழியிருக்கலாம்.

தென்னாப்பிரிக்காவில் வாழும் நாம் காசநோயையும் மறக்கக் கூடாது. தெம்பு குறைவோடு இருமல், இரவில் வியர்வை, தானாக எடை குறைவது என்று சேர்ந்தால் தள்ளிப்போடாமல் டிபி பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். வெட்கப்பட இதில் எதுவும் இல்லை, குணமாகும் நோய்.

எது ஏற்றுகிறது

மருத்துவக் காரணம் எதுவும் இல்லை, அல்லது இருந்ததற்கு மருந்து எடுத்தாயிற்று. அப்புறம் என்ன செய்யலாம்? தேயர் 1987-இல் செய்த சின்னச் சோதனை நம் டீ நேரத்துக்கு நேராகப் பொருந்தும். 18 பேர் கலந்துகொண்டார்கள். சில நாட்களில் ஒரு சாக்லேட் பார் சாப்பிட வேண்டும், சில நாட்களில் பத்து நிமிடம் விறுவிறுவென்று நடக்க வேண்டும். நடந்த நாட்களில் சுறுசுறுப்பு கூடி இரண்டு மணி நேரம் வரைக்கும் அதன் சாயல் இருந்தது, பதற்றமும் குறைந்தது. இனிப்பு சாப்பிட்ட நாட்களில் முதலில் ஒரு வேகம், ஒரு மணி நேரம் கழித்து முன்பைவிடக் களைப்பு, கூடவே பதற்றம். மாலை நாலு மணிக்குக் கண்ணைச் சுற்றிக்கொண்டு வரும்போது கண்டென்ஸ்டு மில்க் போட்ட டீயும் பிஸ்கட்டும் தேடும் நம் வழக்கத்தை இதோடு வைத்துப் பாருங்கள்.

நடப்பதென்றால் எங்கே என்ற கேள்வி இங்கே நியாயமானது. சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் பல தெருக்களில் இருட்டும் நேரத்தில் தனியாக நடக்க முடியாது. கோயில் வளாகத்தைச் சுற்றி, மால் திறந்ததும் அதற்குள்ளே, சனிக்கிழமை காலை பார்க்ரன் என்ற கூட்டு நடை-ஓட்டத்தில் கூட்டத்தோடு, வசதிப்பட்டால் கடற்கரை நடைபாதையில் என்று வழி தேடிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். வெளியில், மரமும் செடியும் கடலும் உள்ள இடத்தில் இருப்பதே தெம்பைக் கூட்டுகிறது என்று ரையனும் குழுவினரும் 2010-இல் ஐந்து ஆய்வுகளை வைத்துக் காட்டினார்கள். வெறும் நடையின் பலன், கூட வந்தவர்களின் பலன் இரண்டையும் கழித்துப் பார்த்த பிறகும் அந்தக் கூடுதல் இருந்தது.

நான் அதிகம் யோசிப்பது தன்விருப்பத்தைப் பற்றி. ரையனும் எட்வர்ட் டெசியும் வளர்த்த கோட்பாட்டின்படி தெம்புக்கு மூன்று தேவைகள் நிறைவேற வேண்டும்: தன் முடிவைத் தான் எடுப்பது, தன்னால் முடியும் என்று உணர்வது, பிறரோடு உறவு இருப்பது. கோயிலில் அன்னதானத்துக்கு விடிகாலையிலிருந்து நின்றுகொண்டே சமைக்கும் பெரியம்மாக்களைப் பாருங்கள். கால் வலிக்கிறது என்பார்கள், ஆனால் அவர்களுடைய பேச்சிலும் சிரிப்பிலும் தெம்பு குறையாது. அதே மணிநேரம், அதே அடுப்பு, ஆனால் யாரோ அதட்டி வாங்கும் வேலை என்றால் வீட்டுக்கு வந்ததும் சுருண்டு படுத்துவிடுவார்கள்.

1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து டர்பன் வந்து சேர்ந்தது. அதிலிருந்து 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமானோர் ஒப்பந்தக் கூலிகளாக வந்தார்கள். கப்பல் பட்டியல்களில் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், உயரம், உடம்பில் உள்ள அடையாளம் எல்லாம் பதிவாகியிருக்கின்றன. ஏறுவதற்கு முன் உடல் தகுதிச் சோதனையும் உண்டு. கரும்புத் தோட்டத்துக்கு இந்த உடம்பு எவ்வளவு உழைக்கும் என்று பார்த்த அளவுகள் அவை. அந்த மனிதருக்குத் தன் சக்தி தன்னுடையதாகத் தெரிந்ததா என்று கேட்கும் கட்டம் எதுவும் அந்தப் பட்டியலில் இல்லை. அந்தக் கேள்வியை இன்று அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் பிள்ளைகளிடம் கேட்பதை நான் மிகப் பெரிய விஷயமாக நினைக்கிறேன்.

வயதானவர்களைக் கவனிக்கும் வீடுகளில் இதை நடைமுறையில் செய்வது கடினமில்லை. என்ன சமைப்பது, எப்போது குளிப்பது, எந்தச் சேலை கட்டுவது என்ற முடிவுகளை அன்பினால் நாமே எடுத்துவிடுகிறோம். அவற்றில் சிலவற்றைத் திருப்பிக் கொடுங்கள். வெங்காயம் நறுக்கட்டும், மெதுவாகத்தான் நறுக்குவார். பேரனுக்குத் தேவாரம் சொல்லிக் கொடுக்கட்டும்.

தொடங்க விரும்புபவர்களுக்கு: கிளினிக் அட்டையோடு ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். மாதத்தில் ஒரு நாள், அந்த நான்கு கேள்விகளுக்கும் பதில் எழுதி மதிப்பெண் போடுங்கள். பக்கத்திலேயே எடையையும், பசி எப்படி என்பதையும், அந்த மாதம் மாத்திரை ஏதாவது மாறியதா என்பதையும் எழுதுங்கள். அடுத்த முறை நர்ஸ் முன்னால் உட்காரும்போது "கொஞ்சம் டயர்டா இருக்கு சிஸ்டர்" என்று சொல்வதற்குப் பதிலாக, "ஜூனில் 60 இருந்தது, செப்டம்பரில் 35, மூன்று கிலோ இறங்கியிருக்கிறது, நடுவில் புது பிரஷர் மாத்திரை கொடுத்தார்கள்" என்று நோட்டைக் காட்டுங்கள். நர்ஸுக்கும் டாக்டருக்கும் எங்கிருந்து தேடத் தொடங்குவது என்பது அதிலேயே தெரிந்துவிடும்.